ஆர்ச் கேட்டின் இரு பக்கங்கள்

1961 ஆகஸ்ட் 13ஆம் தேதி பெர்லின் நகரத்தின் குறுக்கே முள்கம்பி இழுத்தார்கள். சில நாட்களில் அது சுவராயிற்று. அக்டோபரில் அந்த எல்லையோரம் சோவியத் டாங்கிகளும் அமெரிக்க டாங்கிகளும் நேருக்கு நேர் நின்றன. அதே ஆகஸ்ட் மாதம், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் முந்திரியும் செம்மண்ணுமாகக் கிடந்த நெய்வேலியில், மேல்மண்ணை அகற்றிக்கொண்டே போன சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாகத் தட்டுப்பட்டது. மண்ணை வெட்டிய பிரம்மாண்டமான சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியில் செய்யப்பட்டவை. கரியை எரித்து மின்சாரம் எடுப்பதற்கான அனல்மின் நிலையமோ சோவியத் கடனிலும் சோவியத் தொழில்நுட்பத்திலும் எழுந்துகொண்டிருந்தது. 1962 மே மாதம் சுரங்கத்தில் முறையாகக் கரி எடுக்கத் தொடங்கினார்கள். 50 மெகாவாட் திறன்கொண்ட முதல் அலகு மின்கட்டமைப்போடு இணைந்ததும் அந்த மாதம்தான். ஐரோப்பாவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மறுத்த இரண்டு முகாம்களின் இரும்பு, நெய்வேலியில் ஒரே கன்வேயர் பெல்ட்டின் இரு முனைகளில் வேலை பார்த்தது.

நெய்வேலிக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். பனிப்போரின் உச்சத்தில் இரு தரப்புப் பொறியியலையும் ஒரே குழிக்குள் இறக்கி வேலை வாங்கியது சாதாரணக் காரியமில்லை. ஆனால், பண்பாடுகளுக்கிடையிலான உரையாடல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இந்தமாதிரிக் கைகுலுக்கல்கள்தான் என்பதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. வெளிநாட்டுப் பொறியாளருக்குக் கையில் ஒப்பந்தம் இருந்தது, குறித்த சம்பளம் இருந்தது, திரும்பிப் போக ஊர் இருந்தது. அவரோடு பேசுவது சுலபம். நகரியத்தின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே, நிலம் கொடுத்துவிட்டு நிற்பவரோடு பேசுவது அப்படியில்லை. மெயின் பஜாரில் ஒரே கடையில் டீ குடிக்கும் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதும் அப்படியில்லை. நெய்வேலியின் அறுபத்தைந்து ஆண்டுக் கதையில் அமைதி குலைந்த இடங்களை வரிசையாகப் பார்த்தால், மொழியோ மதமோ நாடோ வேறாக இருந்ததால் குலைந்த இடங்கள் குறைவு. வேலையின் பேரிலும் வாக்குறுதியின் பேரிலும் குலைந்தவைதான் அதிகம்.

நிலையான அமைதிக்கும் வேலைக்கும் உள்ள உறவைச் சர்வதேச அரங்கில் முதலில் எழுதிவைத்தது 1919. முதல் உலகப்போர் முடிந்து வெர்சாய் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, அதன் ஒரு பகுதியாகவே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பிறந்தது. சமூக நீதி இல்லாமல் நீடித்த அமைதி கிடையாது என்பது அதன் சாசன முகவுரையின் கருத்து. 1944இல் பிலடெல்பியாவில் கூடியபோது, உழைப்பு விற்பனைச் சரக்கல்ல என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். 1969இல் அந்த அமைப்புக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. எட்டுமணி நேர வேலை, குழந்தை உழைப்பு, விபத்து இழப்பீடு என்று பேசிக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்துக்கு எதற்கு அமைதிப் பரிசு என்று அன்று யாராவது கேட்டிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நிலக்கரிக்கும் அமைதிக்கும் நேரடியாக முடிச்சுப் போட்ட நிகழ்வு 1951இல் நடந்தது. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் பாரிசில் கூடி நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தன. பீரங்கி செய்யத் தேவையான இரண்டு பொருளும் பொதுவாகிவிட்டால் போர் தொடுக்கவே வழியிருக்காது என்பது பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமானின் கணக்கு. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. இதைப் பாடப்புத்தகங்கள் சொல்லும். பாடப்புத்தகங்களில் அதிகம் வராத இன்னொன்று உண்டு. 1946இல் பெல்ஜியமும் இத்தாலியும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன: இத்தாலி ஆட்களை அனுப்பும், பெல்ஜியம் கரி கொடுக்கும். வந்த இத்தாலியர்களில் பலரைப் போர்க்கைதிகள் இருந்த பழைய கொட்டகைகளில் தங்கவைத்தார்கள். 1956 ஆகஸ்ட் 8 அன்று மார்சினெல் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் இறந்தார்கள். அதில் 136 பேர் இத்தாலியர்கள். நாடுகள் சமாதானமாகப் பேசிக்கொண்டிருந்த மேசைக்கு அடியில் நடந்தது இது. ஆறு நாடுகளும் சேர்ந்து சுரங்கப் பாதுகாப்புக்கென்று ஒரு நிரந்தரக் குழுவை அமைத்தது அதற்குப் பிறகுதான்.

மார்சினெல் நடந்த அதே ஆண்டு, நவம்பர் 14ஆம் தேதி, நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவு செய்யப்பட்டது.

கரி இருப்பது அதற்கு முன்பே தெரியும். 1935இல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்குழாய் இறக்கியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததிலிருந்துதான் நெய்வேலிக் கதையைத் தொடங்குவார்கள். அவர் 620 ஏக்கர் நிலத்தைக் கொடையாகக் கொடுத்தார் என்பதும் அந்தக் கதையோடு சேர்ந்தே வரும். காமராசர் முதலமைச்சராக இருந்த காலம். 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலத்தடியில் பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் இருந்ததால் இரவும் பகலும் பம்பு ஓடாவிட்டால் சுரங்கத்தின் அடித்தரை பெயர்ந்துவிடும் நிலை. சுரங்கத்துக்கும் ஷிப்ட் கணக்குக்கும் அன்றிலிருந்தே ஓய்வில்லை. சுற்றுக் கிராமங்களின் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியதும் அன்றிலிருந்தே.

கொடையாகக் கொடுத்தவர் பெயர் நிலைத்தது. சட்டப்படி எடுத்துக்கொள்ளப்பட்ட நிலத்துக்காரர்களின் பெயர்கள் வருவாய்த் துறையின் பழைய கட்டுகளில் இருக்கின்றன. சுரங்கம் விரிய விரிய ஊர்கள் நகர்ந்தன. வீட்டுக்கு ஒருவருக்கு நிரந்தர வேலை என்று வாய்மொழியாகச் சொல்லித்தான் நிலம் வாங்கினார்கள் என்று கம்மாபுரம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். முதல் தலைமுறையில் பலருக்கு வேலை கிடைக்கவும் செய்தது. பிற்பாடு வந்த கையகப்படுத்தல்களில் வேலைக்குப் பதில் பணம், பணத்தோடு ஒப்பந்த வேலை என்று பேச்சு மாறிக்கொண்டே வந்தது. எழுத்தில் இருந்த தொகை காலத்தோடு உயர்ந்தது. 2022இல் அறிவித்த மறுகுடியமர்வுத் திட்டத்தில் ஏக்கருக்கு 23 லட்சம் ரூபாய் என்றார்கள். எழுத்தில் இல்லாத வாக்குறுதிக்கு மட்டும் யாரும் பொறுப்பேற்கவில்லை. இரண்டு தரப்பும் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வாய்வார்த்தையை மகனிடமும் பேரனிடமும் சொல்லிச்சொல்லி வளர்க்கும் ஒரு தரப்பும், கோப்பில் இருப்பதை மட்டுமே ஏற்கும் இன்னொரு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்தால் அங்கே பேச்சு எங்கே நடக்கும்? இருவரும் வைத்திருப்பது வேறுவேறு ஆவணங்கள்.

நகரியத்துக்குள் நடந்தது வேறு கதை. அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. வட்டம் வட்டமாகப் பிரித்து, மரங்கள் வைத்து, பள்ளியும் மருத்துவமனையும் கட்டிய ஊர் அது. மலையாளிகள், தெலுங்கர்கள், வடக்கிலிருந்து வந்தவர்கள், டெல்டாவிலிருந்து வந்தவர்கள் என்று பல பக்கத்து ஆட்கள் ஒரே வரிசைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். வில்லுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பவர்களில் அவர்களும் உண்டு. 1998 முதல் நிறுவனமே முன்னின்று நடத்தும் புத்தகக் கண்காட்சி சுற்று வட்டாரத்துக்கெல்லாம் வாசகர்களை உண்டாக்கியது.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஊரும் சேரியும் பிரிந்தே கிடந்த ஒரு மாவட்டத்தில், குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு சாதி பார்த்து நடக்கவில்லை. கிரேடு பார்த்து நடந்தது. ஒரே கிரேடில் இருந்த வன்னியரும் தலித்தும் முதலியாரும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போனார்கள். விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போனால் பழைய தெருவுக்கே போகவேண்டியிருந்தது என்பது உண்மைதான். சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அந்த அண்டை வாழ்க்கையைச் சாத்தியமாக்கியது நல்லிணக்கப் பிரசாரம் அல்ல. மாதம் பிறந்தால் வரும் சம்பளமும், யாரும் தட்டிப் பறிக்க முடியாத பணியும், எழுதப்பட்ட ஒதுக்கீட்டு விதியும்தான்.

நிரந்தரத் தொழிலாளர்களின் தரப்பில் பேச்சுவார்த்தைக்கும் முறை உண்டு. தொமுச, சிஐடியு, அண்ணா தொழிற்சங்கம், பாட்டாளி தொழிற்சங்கம் என்று சங்கங்கள் பல. ரகசிய வாக்கெடுப்பில் தொழிலாளர்கள் வாக்களித்து, ஜெயிக்கும் சங்கத்துக்கு நிர்வாகத்தோடு பேசும் அங்கீகாரம் கிடைக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும். இழுபறி உண்டு, வாயில் கூட்டம் உண்டு, வேலைநிறுத்த நோட்டீஸ் உண்டு. எல்லாம் உண்டு என்பதால்தான் அது நடக்கிறது. 2006இல் மத்திய அரசு நிறுவனத்தின் 10 சதவீதப் பங்கை விற்க முடிவெடுத்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மத்தியக் கூட்டணியில் இருந்த திமுக எதிர்ப்புத் தெரிவித்தது. சில நாட்களிலேயே பிரதமர் மன்மோகன் சிங் பங்கு விற்பனைகள் அனைத்தையும் நிறுத்திவைத்தார். 2013இல் மறுபடி அதே பேச்சு எழுந்தபோது, ஜெயலலிதா அரசு மாநில அரசின் ஐந்து நிறுவனங்கள் மூலம் 3.56 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டு வழி கண்டது. பரம எதிரிகளான இரண்டு திராவிடக் கட்சிகளும் ஒரு விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்த அபூர்வ உதாரணங்களில் இது ஒன்று.

ஆனால் இந்த மேசையில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நாற்காலி கிடையாது.

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இருவிதமாகப் பேசிய சட்டம். வருடம் முழுக்க நடக்கும் நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் ஒப்பந்த முறையை அரசு தடைசெய்யலாம் என்றது. தடை செய்தால் அந்தத் தொழிலாளிக்கு என்ன ஆகும் என்று சொல்லாமல் விட்டது. 1996இல் ஏர் இந்தியா தொடர்பான வழக்கில், தடை வந்தால் அவர்களை நிறுவனமே வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2001இல் இந்திய எஃகு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. தானாக நிரந்தரமாகும் உரிமை இல்லை என்றது. சட்டத்தின் கீழ் 1971இல் எழுதப்பட்ட மத்திய விதிகளில் 25ஆவது விதி, நிறுவனத்தின் நேரடித் தொழிலாளி செய்யும் அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் அதே ஊதியம் தரவேண்டும் என்றது. 2016இல் பஞ்சாப் அரசின் தற்காலிக ஊழியர்கள் வழக்கில் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் இன்னும் அழுத்தமாகச் சொன்னது. புத்தகத்தில் இதெல்லாம் நன்றாக இருக்கிறது. அதே வேலையா, வேறு வேலையா என்பதை யார் முடிவுசெய்வது என்பதில்தான் ஆண்டுகள் ஓடுகின்றன.

நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டும். கன்வேயரின் அடியில் சிந்தும் மண்ணை வாரும் வேலை முதல் கொதிகலன் பராமரிப்பு வரை அவர்கள் இருக்கிறார்கள். சிலரை இன்கோசர்வ் என்ற தொழிற்கூட்டுறவு சங்கத்தில் சேர்த்து, அதிலிருந்து பணிமூப்பு வரிசையில் நிரந்தரமாக்குவது என்று ஒரு முறை உருவானது. வரிசை நகரும் வேகத்தில் பலருக்கு ஓய்வு வயது முதலில் வந்துவிடும் என்பது அவர்கள் ஆதங்கம். 2010 செப்டம்பரில் தொடங்கிய ஒப்பந்தத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. 2014 மார்ச் 17 அன்று இரண்டாம் சுரங்கத்தின் வாசலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்காரர் ஒருவர் சுட்டதில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அன்று நெய்வேலி கொந்தளித்தது. சுட்டவர் வேறு மாநிலத்தவர், செத்தவர் உள்ளூர்க்காரர் என்று அதை மொழிப் பிரச்சினையாகப் பேச இடமிருந்தது. அப்படிப் பேசியவர்களும் உண்டு. வாசலில் கூடியவர்கள் கேட்டது வேலையைப் பற்றி.

2020 மே 7 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் ஒரு கொதிகலன் விபத்து. எட்டு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொரு அலகில் இன்னொரு விபத்து. இரண்டாவதில் ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களில் மேலும் பலர் திரும்பவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் இடைக்காலமாக 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் ஒன்றாகவே கருகினார்கள். ஊதியப் பட்டியலில் அவர்களைப் பிரித்துவைத்த கோடு கொதிகலனுக்குத் தெரியவில்லை.

இங்கே மேற்கு ஜெர்மனிக்கு ஒருமுறை போய்வர வேண்டும். நெய்வேலிக்கு இயந்திரம் அனுப்பிய அந்த நாட்டில், 1951இல் ஒரு சட்டம் வந்தது. ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் சுரங்க, எஃகு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. இரு தரப்புக்கும் பொதுவாக நடுநிலை உறுப்பினர் ஒருவர். தொழிலாளர் விவகாரங்களைக் கவனிக்கும் இயக்குநரை, தொழிலாளர் பிரதிநிதிகளின் விருப்பத்துக்கு மாறாக நியமிக்க முடியாது. யாரும் தயவுபண்ணிக் கொடுத்ததல்ல. சுரங்கத் தொழிலாளர்களும் உலோகத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்துவிட்டு நின்றபோது, தொழிற்சங்கத் தலைவர் ஹான்ஸ் பொக்லரும் பிரதமர் அடினாவரும் உட்கார்ந்து பேசி முடித்த காரியம். நாம் அவர்களிடமிருந்து சக்கர இயந்திரத்தை வாங்கினோம். இந்த ஏற்பாட்டை வாங்கவில்லை. 1976இல் 42ஆவது திருத்தத்தின்போது நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு என்பதை 43ஏ என்ற பிரிவாக அரசியல் சாசனத்தில் சேர்த்தோம். வழிகாட்டு நெறிகளில் சேர்த்ததால் அதை வைத்து யாரும் நீதிமன்றம் போக முடியாது. இயந்திரத்தைக் கப்பலில் கொண்டுவரலாம், சட்டத்தைக் கொண்டுவர முடியாது என்று பதில் வரலாம். சோவியத் மின்நிலையத்தையே நம் தண்ணீருக்கும் நம் கரிக்கும் ஏற்றபடி ஓட்டிக்காட்டியவர்களுக்கு இது முடியாது என்று நான் நம்பவில்லை.

நெய்வேலியில் மொழியும் மாநிலமும் பிரச்சினையாகிற தருணங்கள் இல்லாமல் இல்லை. 2022இல் ‘கேட்’ (GATE) தேர்வு மதிப்பெண் வழியாகப் பட்டதாரிப் பொறியாளர்களை எடுத்தபோது, 299 பேர் பட்டியலில் தமிழ்நாட்டவர் ஒருவர்கூட இல்லை என்று கட்சிகள் குற்றஞ்சாட்டின. நிறுவனம் அகில இந்தியத் தேர்வுமுறையைக் காரணம் காட்டியது. வடக்கிலிருந்து வரும் இளைஞனிடம் பகை பாராட்ட ஒன்றுமில்லை. அவனும் வேலை தேடித்தான் வருகிறான். நிலம் கொடுத்த குடும்பத்துப் பொறியாளர் ஒருவர் அதே வாசலில் ஒப்பந்தக் கூலியாக நிற்கும்போது, வருகிறவனின் மொழி கண்ணில் உறுத்துகிறது. அந்தக் குடும்பத்துக்கு நியாயமான வேலை கிடைத்திருந்தால் அவன் இந்தி பேசுவதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? 1960களில் மலையாளிகளும் தெலுங்கர்களும் சாரிசாரியாக வந்தபோது உள்ளூர்க்காரர்களுக்கும் வேலை இருந்தது.

மாநிலங்களுக்கிடையிலும் நெய்வேலி ஒரு முனை. இரண்டாம் அனல்மின் நிலையத்தின் மின்சாரம் தமிழ்நாட்டோடு கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரிக்கும் போகிறது. 2002 அக்டோபர் 12 அன்று பாரதிராஜா முன்னின்று திரைத்துறையினர் நெய்வேலியில் பேரணி நடத்தியது அதனால்தான்: காவிரியில் தண்ணீர் விடாத கர்நாடகத்துக்கு மின்சாரம் எதற்கு என்பது கோரிக்கை. உணர்ச்சி புரிகிறது. ஆனால் மின்கட்டமைப்பு மதகு வைத்த வாய்க்கால் இல்லை; ஒரு மாநிலத்துக்கு மட்டும் அடைத்துவிட முடியாது. எனக்கு அந்தப் பேரணியைவிட அதற்கு அடுத்த ஆண்டு நடந்தது முக்கியம். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜனின் முயற்சியில் 2003இல் இரு மாநில விவசாயிகளும் ஓரிடத்தில் கூடினார்கள். காவிரிக் குடும்பம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் ஊருக்கு ஒருவர் போய் வயலையும் அணையையும் பார்த்தார்கள். 1991 டிசம்பரில் கர்நாடகத் தமிழர்கள் மீது வன்முறை நடந்த பிறகு, இரு தரப்பு விவசாயிகளும் அரசுகளின் இடையீடு இல்லாமல் தண்ணீர்க் கணக்கைப் பேச உட்கார்ந்தது சின்ன விஷயமல்ல. பங்கீட்டை அவர்களால் தீர்த்துவைக்க முடியவில்லை. கடைசியில் உச்ச நீதிமன்றம் 2018இல்தான் அளவைச் சொன்னது. என்றாலும், அந்தக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே தொழில் செய்பவர்கள், ஒருவர் நஷ்டத்தை இன்னொருவரால் ரூபாயில் கணக்குப்போட முடிந்தது. நடிகர்களாலும் அமைச்சர்களாலும் முடியாதது அதுதான்.

2023 ஜூலை 26க்கு வருவோம். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவி. இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்ட வேண்டும். நீண்ட கை கொண்ட மண்வெட்டி இயந்திரங்கள் கதிர் பிடிக்கும் பருவத்தில் இருந்த நெல்வயலுக்குள் இறங்கின. சட்டப்படி நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுவனத்துக்குச் சொந்தம், பணம் கொடுத்தாயிற்று, பயிர் வைத்தது தவறு என்பது நிறுவனத் தரப்பு. இத்தனை வருடம் சும்மா போட்டிருந்த நிலத்தில் இரண்டு மாதம் பொறுக்கக்கூடாதா என்பது ஊர்த் தரப்பு. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம். தண்டபாணி கேட்டதும் ஏறக்குறைய அதையேதான். நிலத்தை எடுத்த பிறகு ஏன் பயிர் வைத்தீர்கள் என்று விவசாயிகளையும் கேட்டார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவாயிற்று.

28ஆம் தேதி ஆர்ச் கேட் முன்பு அன்புமணி ராமதாஸ் தலைமையில் பாமகவினர் திரண்டார்கள். கைது, கல்வீச்சு, கண்ணீர்ப் புகை, வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு. தொலைக்காட்சியில் தமிழ்நாடே பார்த்தது. நெற்பயிரை இயந்திரம் மண்ணோடு புரட்டிப்போடும் அந்தக் காட்சியில், சட்டப்படி யார் சரி என்பது ஒரு பொருட்டாகவே இல்லாமல் போனது. நிறுவனத்தின் கோப்பில் அது கையகப்படுத்திய நிலம். பார்த்தவர்களுக்கு அது சோறு. பண்பாட்டு வேறுபாடு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நெய்வேலியில் இதைத்தான் சொல்வேன். ரஷ்யனுக்கும் ஜெர்மானியனுக்கும் இருந்ததைவிடப் பெரிய இடைவெளி இது. இரண்டு மாதம் முன்பே ஒரு வேளாண் அலுவலரும் ஒரு சுரங்கப் பொறியாளரும் ஊர்ப் பெரியவர்களோடு கோயில் மரத்தடியில் உட்கார்ந்து அறுவடைத் தேதியைக் குறித்துக்கொண்டிருந்தால் 40,000 ரூபாய்க்கே வேலை இருந்திருக்காது.

அதே ஜூலையில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டத்தில் இருந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நிறுவனத்துக்கும் ஜீவா ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்துக்கும் நடுவே பேச ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசுப்பிரமணியனை நீதிமன்றம் நியமித்தது. ஐம்பதாண்டுக்கு மேல் கரி வெட்டும் ஓரிடத்தில், நிர்வாகமும் தொழிலாளியும் எதிரெதிரே உட்கார உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தேவைப்பட்டார். அவர் வந்தது நல்லது. அவர் வரவேண்டியிருந்த நிலைமை நல்லதல்ல. நிரந்தரத் தொழிலாளிக்கு ரகசிய வாக்கெடுப்பும் ஊதிய ஒப்பந்தமும் எந்த நீதிபதியும் இல்லாமலே செய்துகொடுத்ததை, இவர்களுக்கு நீதிமன்றம் வழக்கு வழக்காகச் செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது.

அதே 2023இன் ஜனவரியில், ஜெர்மனியின் ரைன்லாந்தில் லுட்செராத் என்ற சின்னஞ்சிறு ஊரைப் போலீசார் காலிசெய்தார்கள். அடியில் இருந்தது பழுப்பு நிலக்கரி. சேற்றில் மல்லுக்கட்டிய போராட்டக்காரர்களின் படங்கள் உலகம் முழுக்கப் போயின. ஜெர்மனியின் கிழக்கில் லௌசிட்ஸ் பகுதியில் இந்தக் கதை இன்னும் பழையது. அங்கே சுரங்கத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் அழிந்தன. பல ஊர்கள் சோர்பியர் என்ற சிறுபான்மை மக்களுடையவை. ஸ்லாவிய மொழி பேசுபவர்கள். ஊர் போனதோடு மொழி பேசும் தெருவும் போனது. ஃபோர்ஸ்ட் நகரில் அழிந்த ஊர்களுக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறார்கள்.

2018இல் ஜெர்மனி நிலக்கரியிலிருந்து வெளியேறுவது எப்படி என்று பேச ஒரு குழு அமைத்தது. மின் நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், சூழலியல் அமைப்புகள், விஞ்ஞானிகள், சுரங்கப் பகுதி மக்கள் எல்லோருக்கும் இடம். குழுவின் நான்கு தலைவர்களில் ஒருவரான ஸ்டானிஸ்லாவ் டில்லிச் சோர்பியர். 2019 ஜனவரியில் முடிவுக்கு வந்தார்கள்: 2038க்குள் நிலக்கரியை நிறுத்துவது, சுரங்கப் பகுதிகளுக்கு 40 பில்லியன் யூரோ. காலக்கெடு மிகவும் நீளம் என்று சூழலியலாளர்கள் இன்றும் குறைசொல்கிறார்கள்; லுட்செராத்தும் அதற்குப் பிறகுதான் நடந்தது. எனவே இதை முன்மாதிரி என்று தலையில் தூக்கிவைக்க நான் தயாரில்லை. ஒரு விவரம் மட்டும் என்னை விடுவதாயில்லை. வாக்களிக்கும் உறுப்பினர்கள் 28 பேர். 27 பேர் ஆம் என்றார்கள். சுரங்க அபாயத்தில் இருந்த வெல்சோவ் பகுதியின் பிரதிநிதியான ஒரு பெண் மட்டும் இல்லை என்றார். அந்த ஒற்றை வாக்கு எண்ணப்பட்டு ஆவணத்தில் இருக்கிறது.

சோவியத் உதவியில் எழுந்த நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டு 2020 செப்டம்பர் இறுதியில் மூடப்பட்டது. அதன் இடத்தை 1,000 மெகாவாட் புதிய நிலையம் எடுத்துக்கொண்டிருக்கிறது. சுரங்கங்கள் தெற்கே நகர்கின்றன. வானதிராயபுரம், கத்தாழை, கரிவெட்டி, மும்முடிச்சோழகன் என்று பெயர்கள் செய்தித்தாளில் மாறிமாறி வருகின்றன. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்புக் கிழக்கு உள்ளிட்ட டெல்டாப் பகுதித் தொகுதிகளை நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்த மத்திய அரசு, மு.க. ஸ்டாலின் கடிதம் எழுதிய சில நாட்களில் அவற்றை நீக்கியது. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020இலேயே இருந்ததால் அந்த உரையாடலுக்குக் காகித ஆதாரம் கைவசம் இருந்தது. ஆனால் இருக்கும் சுரங்கங்களின் கரி என்றைக்குத் தீரும், தீரும்போது மந்தாரக்குப்பத்துக் கடைக்காரருக்கும் இன்கோசர்வ் வரிசையில் நிற்பவருக்கும் கிணறு வற்றிய விவசாயிக்கும் என்ன வழி என்று பேச, எனக்குத் தெரிந்து, இன்றுவரை நெய்வேலியில் எந்தக் குழுவும் அமைக்கப்படவில்லை. அமைத்தால் அதில் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்துக்கு ஓர் இடமும் கத்தாழை ஊராட்சிக்கு ஓர் இடமும் வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அதுவும் நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற வேண்டும், தமிழில்.